டைம் கில்லர்ஸை இப்போ எடுத்து ஆடினா ஏதாவது தேறுமா?

நீங்க கேட்டது இதுதான்: 1992ல வந்த டைம் கில்லர்ஸ்னு ஒரு ஆர்கேட் (காசு போட்டு ஆடற மெஷின்) சண்டை கேம், கை வெட்டறது தலை வெட்டறதுன்னு இருக்குமே, அதை இத்தனை வருஷம் கழிச்சு திரும்ப எடுத்து ஆடினா ஏதாவது தேறுமா, இல்ல மார்ட்டல் காம்பாட்டைப் பார்த்து ரத்தத்தை மட்டும் வாளி வாளியா ஊத்தின இன்னொரு காப்பிதானா.

தேறும். ஆனா ஒரு நல்ல ஃபைட்டிங் கேம் கிடைக்கப் போகுதுன்னு நினைச்சு போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. நான் இதை நிறைய தடவை ஆடியிருக்கேன், சமீபத்துலயும் மூணு நாள் ராத்திரி தொடர்ந்து உக்கார்ந்து ஆடினேன், ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோணுறது ஒண்ணுதான்: இது சுமாரா செஞ்ச கேம், ஆனா இதுக்குள்ள இருக்கற யோசனை அந்தக் காலத்துல வேற யாருக்கும் அவ்வளவு தெளிவா வரல. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல காப்பி விஷயம். மார்ட்டல் காம்பாட்டும் 1992, இதுவும் 1992, ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளியே கிடையாது. ஒரு ஆர்கேட் கேமை வரைஞ்சு, புரோக்ராம் எழுதி, சர்க்யூட் போர்டுல ஏத்தி, கேபினெட்டுக்குள்ள வச்சு அனுப்பறதுக்குள்ள பல மாசம் ஓடிடும், அதனால பக்கத்து வீட்டுல எட்டிப் பார்த்துட்டு வந்து செஞ்சதுன்னு அவ்வளவு சுலபமா சொல்லிட முடியாது. ரெண்டுமே சிகாகோ வட்டாரத்து ஆளுங்க செஞ்சது வேணா உண்மை. மார்ட்டல் காம்பாட் மிட்வேயோடது. டைம் கில்லர்ஸை செஞ்சது இன்க்ரெடிபிள் டெக்னாலஜீஸ், வெளியிட்டது ஸ்ட்ராட்டாங்கற பேர்ல. 1985ல எலைன் ஹாட்ஜ்சன், ரிச்சர்ட் டிட்டன்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச கம்பெனி அது. ஆர்கேட் பக்கம் பழக்கம் இருக்கறவங்களுக்கு இந்தப் பேரைச் சொன்னா சண்டையே ஞாபகம் வராது, கோல்ஃப்தான் ஞாபகம் வரும், ஏன்னா கோல்டன் டீ கோல்ஃப் இவங்களோடது. அதுக்கும் முன்னாடி 1988ல வந்த கேப்காம் பௌலிங்கையும் செஞ்சு கொடுத்தது இவங்கதான். உருட்டற பந்தை வச்சு பௌலிங், கோல்ஃப்னு அமைதியா ஆடற கேம் செஞ்சவங்க திடீர்னு செயின்சா வச்சு கையை அறுக்கற கேமுக்கு வந்தாங்கங்கறது பார்க்கறப்போ ஆச்சரியமாதான் இருக்கு, ஆனா 1991ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்ததுக்கப்புறம் ஆர்கேட் கம்பெனி எல்லாருமே ஒரு சண்டை கேம் செஞ்சே ஆகணும்ங்கற நிலைமை, இவங்களும் அந்த வெள்ளத்துல இறங்கினவங்கதான்.

கதை ரெண்டு வரி. சாவு, அதாவது கருப்பு அங்கி போட்ட எலும்புக்கூடு, வெவ்வேற காலத்துல இருந்து எட்டு பேரைக் கூட்டிட்டு வருது, எல்லாரையும் ஜெயிச்சு கடைசியில என்னையும் ஜெயிச்சா உனக்கு மரணமே இல்லைன்னு சொல்லுது. கோடாலி வச்ச வைக்கிங் லீஃப், கவசம் போட்ட லார்ட் உல்ஃப், சாமுராய் முசாஷி, குகை மனுஷன் தக், செயின்சா வச்ச ரான்சியோ, எதிர்காலத்துல இருந்து ஓரியனும் மேட்ரிக்ஸும், அப்புறம் கும்பிடுபூச்சி மாதிரி இருக்கற மான்டாஸ். மேடைகளும் அந்தந்த ஆளோட காலத்துக்கு ஏத்த மாதிரி மாறும். அவ்வளவுதான் கதை, இதுக்கு மேல தேட வேணாம்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ல ஆறு பட்டன், மூணு குத்து மூணு உதை, லேசா, நடுத்தரமா, பலமான்னு. மார்ட்டல் காம்பாட்ல மேல் குத்து கீழ் குத்து, மேல் உதை கீழ் உதை, தடுக்கறதுக்கு ஒரு பட்டன். டைம் கில்லர்ஸ்ல அஞ்சு பட்டன், ஒவ்வொண்ணும் ஒரு உறுப்பு. இடது கை, வலது கை, இடது கால், வலது கால், அஞ்சாவது தலை. அதாவது உங்க உடம்புதான் அந்த பட்டன் பேனல். இதை அப்படியே மனசுல வச்சுக்கிட்டு அடுத்ததைப் படிங்க: இந்த கேம்ல சரியான அடி சரியான இடத்துல பட்டா கை துண்டாகி விழுந்துடும். விழுந்ததும் ரவுண்டு முடியாது. தோள்ல இருந்து ரத்தம் பீச்சிக்கிட்டே ஆள் நிப்பான், நீங்க அவனை வச்சுதான் தொடர்ந்து ஆடணும், அந்தக் கைக்குன்னு இருந்த பட்டன் இனிமே உங்களுக்கு உதவாது. ரெண்டு கையும் போச்சுன்னா உதையும் தலையால முட்டறதும் மட்டும்தான் மிச்சம், அப்பவும் ஆட்டம் நடந்துக்கிட்டேதான் இருக்கும், அப்படியே ஜெயிக்கவும் முடியும்.

இதுதான் நான் சொல்ல வந்தது. மத்த கேம்ல ரத்தம் ஆட்டத்துக்கு மேல தெளிக்கிற வண்ணம், இதுல ரத்தம் ஆட்டத்தோட விதி. கை போறதுங்கறது படம் மட்டும் இல்ல, உங்க கைக்கு அடியில ஒரு பட்டன் செத்துப் போகுது. அந்த ஒரு பொருத்தத்தை, திரையில நடக்கறதும் உங்க விரலுக்கு நடக்கறதும் ஒண்ணா ஆகிடற அந்தப் பொருத்தத்தை, நான் வேற எந்த 1992 கேம்லயும் பார்த்ததில்லை.

ஒரு ரவுண்டை அப்படியே சொல்றேன், அப்பதான் புரியும். போன வாரம் நான் லீஃப், எதிர்ல நண்பர் ரான்சியோ. ஆரம்பத்துல ரெண்டு பேரும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் பழக்கத்துல கிட்ட வந்து அடிச்சுக்கிட்டோம், உயிர்க் கோடு, அதாவது எவ்வளவு உயிர் மிச்சம்னு திரையில காட்டற கோடு, ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட முழுசா இருந்துச்சு. அவர் செயின்சாவை ஒரு தடவை கீழ இருந்து மேல இழுத்தார், லீஃபோட ஒரு கை தனியா பறந்து போய் தரையில விழுந்துச்சு. என் விரல் அந்த பட்டன் மேலேயே இருந்துச்சு, பழக்க தோஷத்துல அதையே ரெண்டு தடவை அமுக்கினேன், ஒண்ணும் உதவல, அந்த அரை நொடியில இன்னொரு அடி வாங்கினேன். அதுக்கப்புறம் என் ஆட்டமே மாறிடுச்சு. கிட்ட போகறதை விட்டுட்டேன். கால் நீளத்துக்கு ஒரு தூரம் வச்சுக்கிட்டு, அவர் முன்னால வர்றப்போ உதைக்கறது, பின்னால நகர்றது, திரும்ப உதைக்கறது. அவருக்கும் தெரியும் எனக்கு என்ன மிச்சம் இருக்குன்னு, அதனால அவரும் வேகமா வராம இன்னொரு கைக்கு குறி வச்சு நிதானமா வந்தார். முப்பது நொடிக்கு முன்னாடி பட்டனை இஷ்டத்துக்கு தட்டிக்கிட்டு இருந்த ரெண்டு பேர் இப்போ ஒருத்தரை ஒருத்தர் அளந்துக்கிட்டு நிக்கறோம். கடைசியில அவர் எட்டி வச்ச ஒரு வீச்சு காத்துல போச்சு, நான் உள்ள புகுந்து தலையால முட்டி, விடாம முட்டி, ஒத்தக் கையோட அந்த ரவுண்டை எடுத்தேன். உயிர்க் கோட்டை மட்டும் பார்த்தா அது சாதாரண ரவுண்டு, ஆடின ரெண்டு பேருக்கும் அது சாதாரண ரவுண்டு இல்ல.

மார்ட்டல் காம்பாட்டோட இதை வச்சுப் பாருங்க. ஃபேட்டாலிட்டி எப்போ வருது? ஆட்டம் முடிஞ்சதுக்கப்புறம். ஜெயிச்சாச்சு, தோத்தவன் தள்ளாடிக்கிட்டு நிக்கறான், ஜெயிச்சவன் ரகசியமா தெரிஞ்சு வச்ச பட்டன் வரிசையைப் போட்டு முதுகெலும்போட தலையை உருவறான், சுத்தி நிக்கற கூட்டம் கத்துது. அது பரிசு. கூட்டத்தைக் கூட்டறதுக்கு, அந்த ரகசியத்தை வாய்க்கு வாய் பரப்பறதுக்கு, அதைவிட நல்ல வழி கிடையாது, அதனாலதான் மார்ட்டல் காம்பாட் இன்னிக்கும் உயிரோட இருக்கு, டைம் கில்லர்ஸ் பேரைச் சொன்னா பாதிப் பேருக்குத் தெரியல. வியாபாரமா பார்த்தா மிட்வே செஞ்சதுதான் சரி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா யோசனையா பார்த்தா, ஃபேட்டாலிட்டியை எடுத்துட்டாலும் மார்ட்டல் காம்பாட் அதே ஆட்டம்தான், ஜெயிச்சவன் ஜெயிச்சவன்தான். டைம் கில்லர்ஸ்ல வெட்டை எடுத்துட்டா ஆட்டமே இல்ல.

தலை வெட்டு இன்னும் ஒரு படி மேல. அஞ்சு பட்டனையும் ஒண்ணா அமுக்கினா டெத் மூவ், நேரா உயிருக்கே குறி. பட்டா அந்த ரவுண்டு அங்கேயே முடிஞ்சுது, எதிராளிக்கு எவ்வளவு உயிர் இருந்தாலும் சரி. அவன் மயங்கி நிக்கற நேரமா பார்த்து போட்டீங்கன்னா ரெண்டு கையும் தலையும் மொத்தமா போகும். இதையும் முதல் தடவையா செஞ்சது இவங்கன்னு சொல்ல மாட்டேன், 1987ல பேலஸ் சாஃப்ட்வேர் வெளியிட்ட பார்பேரியன்னு ஒரு கேம், காமடோர் 64 மாதிரி வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஆடினது, அதுல சுழண்டு வாளை வீசறப்போ சரியா கழுத்துல பட்டா தலை போயிடும், அப்புறம் ஒரு குட்டி பூதம் வந்து உடம்பை இழுத்துக்கிட்டு போகும், தலையை உதைச்சுக்கிட்டே போகும். ஆனா பார்பேரியன்ல அந்த வீச்சுக்கு நேரம் பிடிக்கும், வர்றது கண்ணுக்குத் தெரியும், குனிஞ்சு தப்பிக்கலாம். அந்த நேரம்தான் அதை நியாயமா வச்சிருந்துச்சு.

டைம் கில்லர்ஸ் தடுமாறினது சரியா இந்த இடத்துலதான், இதை மறைக்கறதுல அர்த்தமில்லை. அஞ்சு பட்டன்ங்கறது கைவிரிச்சு ஒரே அடியா அடிச்சா ஆயிடும், அதுக்கு திறமையும் வேணாம் பழக்கமும் வேணாம். எட்டற தூரத்துல இல்லைன்னா காத்தைத்தான் வெட்டும், அப்படி வெட்டினவன் திறந்து நிக்கறான், அது ஒரு விலை தான், ஆனா போதுமான விலை இல்ல. ஒரு மாசம் கஷ்டப்பட்டு கத்துக்கிட்டவன் நிதானமா ஆடிக்கிட்டு இருக்கப்போ இன்னிக்கு வந்த ஆள் உள்ளங்கையால தட்டி தலையை எடுத்துட்டான்னா, கத்துக்கிட்டவன் எதுக்கு திரும்ப காசு போடணும்? ஆர்கேட் கேமோட உயிரே அந்த திரும்பப் போடற காசுலதான் இருக்கு. ரவுண்டு சீக்கிரம் முடிஞ்சா கடைக்காரருக்கு லாபம்னு மேலோட்டமா தோணும், ஒரு நாளைக்கு அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனா தோத்தவனுக்கு ஏன் தோத்தோம்னு புரிஞ்சாதான் அடுத்த காசு விழும், புரியலைன்னா அவன் பக்கத்து மெஷினுக்குப் போயிடுவான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ல தோத்தா என்ன தப்பு பண்ணோம்னு தோத்த நொடியே தெரியும். இதுல பல தடவை தெரியாது.

கம்ப்யூட்டரோட தனியா ஆடறப்போ இது இன்னும் மோசம். ஆரம்பத்து ரெண்டு மூணு பேர் சும்மா வந்து நிப்பாங்க, அப்புறம் திடீர்னு எதிராளி நீங்க கிட்ட வர்ற அதே ஃப்ரேம்ல, அதாவது திரையில ஒரு படம் மாறற நேரத்துக்குள்ள, தலையை வெட்டுவான். மனுஷ விரல் அந்த வேகத்துல வேலை செய்யாது. அதனால தனியா ஆடி இந்த கேமை எடை போடாதீங்க. நிறைய பேர் எமுலேட்டர்ல (பழைய மெஷின் மாதிரியே கம்ப்யூட்டரை நடக்க வைக்கற சாஃப்ட்வேர்) தனியா பத்து நிமிஷம் ஆடிட்டு குப்பைன்னு முடிவு பண்ணிடறாங்க, அது பாதி கேம்கூட இல்ல.

படம் எப்படின்னு கேட்டா, கையால வரைஞ்சது, மார்ட்டல் காம்பாட் மாதிரி ஆளை நிக்க வச்சு படம் பிடிச்சு ஏத்தினது இல்ல. நிறம் நல்லா அடர்த்தியா இருக்கும், ஒவ்வொரு ஆளையும் தூரத்துல இருந்தே அடையாளம் கண்டுபிடிச்சிடலாம், ஆனா அசைவு கட்டை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல போதுமான படம் இல்லாததால ஆள் தாவித் தாவி நகர்ற மாதிரி இருக்கும், குதிக்கறப்போ உடம்புக்கு எடையே இல்லாத மாதிரி தெரியும். சவுண்டு மட்டும் எனக்குப் பிடிக்கும், கோடாலி விழற சத்தத்துல ஒரு கனம் இருக்கு.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுங்கறதுதான் எனக்கு இன்னும் சுவாரசியமான பகுதி. 1994ல அதே ஆளுங்க பிளட்ஸ்டார்ம்னு ஒண்ணு விட்டாங்க, டைம் கில்லர்ஸோட நேரடி வாரிசு மாதிரி. ஃப்ரீயான், டெம்பெஸ்ட், ஹெல்ஹவுண்ட், ட்ரெமர், ரேசர், டாலன், ஃபால்அவுட், மிராஜ்னு எட்டு பேர், கடைசியில நெக்ரான். வெட்டறதை இன்னும் தள்ளிக் கொண்டு போனாங்க, ஒளிஞ்சிருக்கற ஆளுங்களை வச்சாங்க, தோக்கடிச்ச எதிராளியோட சக்தியை நீங்க எடுத்துக்கலாம், அதை பாஸ்வேர்டா குறிச்சு வச்சுக்கிட்டு அடுத்த தடவை அதே இடத்துல இருந்து ஆடலாம், ஒரு ஆர்கேட் மெஷின்ல இப்படி முன்னேற்றத்தை சேமிச்சு வைக்கறது அப்போ அரிது. அதோட விளம்பரத்துக்கு டேனியல் பெசினாவையே கூப்பிட்டாங்க, மார்ட்டல் காம்பாட்ல ஜானி கேஜா நடிச்சவர், அதே ஜானி கேஜ் வேஷத்துல வந்து பிளட்ஸ்டார்முக்கு நின்னார். யாரை எதிர்த்து ஆடறோம்னு அவங்க ஒளிச்சு வைக்கலைன்னு அதுலயே தெரியும். ஆனா அதுவும் ஓடல. என்னைப் பொறுத்தவரை பிளட்ஸ்டார்ம் டைம் கில்லர்ஸைவிட வேகமா, பார்க்க பெரிசா இருக்கு, ஆனா மூலத்துல இருந்த எளிமை அதுல தொலைஞ்சு போச்சு. அவ்வளவு ரகசியத்தையும் அவ்வளவு சக்தியையும் மேல மேல அடுக்கினதுல ஒரு கை போறதோட வலி தெரியாம போயிடுச்சு.

1995ல கேப்காமுக்காக ஸ்ட்ரீட் ஃபைட்டர் படத்தை வச்சு ஒரு ஆர்கேட் கேம் செஞ்சு கொடுத்ததும் இதே இன்க்ரெடிபிள் டெக்னாலஜீஸ்தான், படத்துல நடிச்ச வான் டாம் எல்லாம் வர்ற அந்த கேம். அதே 1995ல கோல்டன் டீ 3டி கோல்ஃப் வந்துச்சு, கம்பெனிக்கு வாழ்வு அதுலதான் வந்துச்சு, பார்களெங்கும் அந்த கோல்ஃப் மெஷின் போய் உக்கார்ந்துடுச்சு, அதுக்கப்புறம் சண்டை கேம் பக்கம் அவங்க திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. இதுல ஒரு விஷயத்தை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்: மேம் எமுலேட்டர்ல டைம் கில்லர்ஸ், பிளட்ஸ்டார்ம், அந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேம், கோல்டன் டீ 3டி கோல்ஃப் எல்லாமே ஒரே டிரைவருக்குள்ள, அதாவது ஒரு வகை போர்டைப் போல நடந்துக்கற ஒரே புரோக்ராம் பகுதிக்குள்ள இருக்கு, ஏன்னா எல்லாம் ஒரே குடும்பத்து போர்டு. டைம் கில்லர்ஸும் பிளட்ஸ்டார்மும் மோட்டரோலா 68000ங்கற ப்ராசசர் சிப்ல ஓடிச்சு, அந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேம் 68020 வகையில ஓடிச்சு, சவுண்டுக்கு என்சோனிக் சிப், கீபோர்டு வாத்தியம் செஞ்ச அதே என்சோனிக். மேல நான் சொன்ன கோடாலி சத்தத்தோட கனம் அதுல இருந்து வர்றதுதான். படத்தைத் திரைக்குத் தூக்கிப் போடறதுக்கு அவங்களே வச்ச பிளிட்டர்ங்கற சிப். லீஃபோட வெட்டுப்பட்ட கையைப் பறக்க விட்ட போர்டோட தம்பிதான் பின்னால பச்சைப் புல்லையும் மணல் குழியையும் வரைஞ்சு அந்தக் கம்பெனிக்கு சோறு போட்டுச்சு.

வீட்டு டிவியில மாட்டி ஆடற சேகா ஜெனிசிஸ் மெஷினுக்குன்னு வந்த வெர்ஷனைப் பத்தியும் கேட்பீங்க. அதை வாங்காதீங்க. அது 1996லதான் டிஎச்க்யூங்கற கம்பெனி மூலமா வெளிய வந்துச்சு, ஆர்கேட்ல வந்து கிட்டத்தட்ட நாலு வருஷம் கழிச்சு, அதுக்குள்ள ப்ளேஸ்டேஷன் கடைக்கு வந்தாச்சு, 1993 டிசம்பர்ல அமெரிக்க செனட்ல மார்ட்டல் காம்பாட்டையும் நைட் ட்ராப்ங்கற இன்னொரு கேமையும் வச்சு விசாரணை நடந்து, 1994ல வயசு முத்திரை போடற இஎஸ்ஆர்பியும் வந்து, ரத்தத்தைப் பார்த்து அதிர்ச்சியாகற காலமே முடிஞ்சு போச்சு. அது தவிர சேகாவோட பழைய பேடுல, அதாவது கையில பிடிச்சு ஆடற கன்ட்ரோலர்ல, மூணே பட்டன், அஞ்சு உறுப்பை அதுல வைக்கவே முடியாது, ஆறு பட்டன் பேடு இருந்தாதான் கொஞ்சமாவது ஒத்துவரும். நிறம் மங்கி, ஏற்கெனவே கட்டையா இருந்த அசைவு இன்னும் கட்டையாகி, நான் மேல சொன்ன அந்த விரலுக்கும் திரைக்கும் இருக்கற பொருத்தம் சுத்தமா போயிடுச்சு. இந்த கேமை இந்த வெர்ஷன்ல மட்டும் ஆடிட்டு திட்டறவங்க மேல எனக்குக் கோபமே வராது, அவங்க பார்த்தது அதுதான்.

அந்த யோசனைக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு பார்க்கறதுக்காகவே சொல்றேன், மூணு கேமை பக்கத்துல வச்சு ஆடிப் பாருங்க. 1993ல எஸ்என்கேவோட சாமுராய் ஷோடவுன், அதுலயும் ஆயுதம், ரெண்டு வாளும் மோதி தள்ளிக்கிட்டு நிக்கறப்போ தோத்தவன் கையில இருந்து வாள் பறந்து போயிடும், வெறுங்கையோட நின்னு அதை எடுக்கப் போகணும். கை போறதுக்கு பதிலா வாள் போகுது, ஆனா திரும்ப எடுத்துக்கலாம், அந்த ஒரு வழி இருக்கறதாலயே ஆட்டம் உடையாம நிக்குது. 1994ல நாம்கோவோட டெக்கன், நாலு பட்டன், நாலு கைகால். டைம் கில்லர்ஸைப் பார்த்து எடுத்தாங்கன்னு நான் சொல்லல, ஆனா உடம்பையே பட்டனா வைக்கலாம்ங்கற எண்ணம் எவ்வளவு சரியானதுன்னு டெக்கன்ல ஒரு மணி நேரம் ஆடினாலே புரியும், அங்க அது வழுக்கிக்கிட்டு வேலை செய்யுது. மூணாவது, 1997ல ஸ்கொயர் வெளியிட்ட புஷிடோ பிளேடு. உயிர்க் கோடே கிடையாது. ஒரே வெட்டுல சாகலாம், கால்ல பட்டா மண்டி போட்டுக்கிட்டே ஆடணும், கையில பட்டா அந்தக் கை தொங்கிப் போயிடும். டைம் கில்லர்ஸ் சொல்ல முயற்சி பண்ணி வார்த்தை வராம திணறினதை புஷிடோ பிளேடு அஞ்சு வருஷம் கழிச்சு தெளிவா சொல்லிச்சு. அங்க ஒரு வெட்டுல செத்தாலும் கோபம் வராது, ஏன்னா வாள் வர்ற திசை தெரியும், நீங்கதான் தப்பான நிலையில நின்னீங்கன்னு உடம்புக்கே புரியும்.

இப்போ எப்படி ஆடறதுன்னு. அசல் போர்டு கிடைச்சா பாக்கியம், இல்லைன்னா மேம்தான், ரோம் (போர்டுல இருந்து எடுத்த கேம் கோப்பு) விஷயத்துல உங்க நாட்டு சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துக்கோங்க. கீபோர்டுல ஆடாதீங்க. இது சும்மா ரசனைக்காக சொல்றது இல்ல, சாதாரண கீபோர்டு பலதுல ஒரே நேரத்துல அஞ்சு சாவியை அமுக்கினா எல்லாம் பதிவாகாது, ரெண்டு மூணு காணாம போயிடும், அதனால டெத் மூவ் சில நேரம் வரும் சில நேரம் வராது, நீங்க கேம்ல கோளாறுன்னு நினைச்சுக்குவீங்க. ஒரே கீபோர்டுல ரெண்டு பேர் ஆடறது இன்னும் கொடுமை. ஆர்கேட் ஸ்டிக் இருந்தா மேல் வரிசையில ரெண்டு பட்டன் கைக்கு, கீழ் வரிசையில ரெண்டு காலுக்கு, தனியா ஓரத்துல இருக்கற ஒண்ணு தலைக்கு வைங்க, இடது இடதாவும் வலது வலதாவும் இருக்கணும், மாத்தி வச்சீங்கன்னா நான் மேல சொன்ன பொருத்தம் கிடைக்கவே கிடைக்காது. பேடா இருந்தா முகப்புல இருக்கற நாலு பட்டனை கைகாலுக்கு வச்சு தோள் பட்டனை தலைக்கு வைங்க, நாலையும் கட்டைவிரலால ஒண்ணா அமுக்கறது கஷ்டம்தான், பேடை மடியில வச்சு உள்ளங்கையால அமுக்கினா வரும். திரையில வழவழப்பாக்கற ஃபில்டர் எதுவும் போடாதீங்க, பழைய குழாய் டிவி மாதிரி காட்டற ஷேடர் போட்டா அந்த நிறமெல்லாம் வரைஞ்சவங்க நினைச்ச மாதிரி ஒண்ணோட ஒண்ணு கலந்து தெரியும்.

சின்னப் பசங்க இருக்கற அறையில ஓட விடாதீங்க. பிக்சல்தானே, கார்ட்டூன்தானேன்னு தோணும், ஆனா வெட்டுப்பட்ட ஆள் நின்னு ஆடறது, ஃபேட்டாலிட்டியில ஆள் விழுந்து முடிஞ்சு போறதைவிட மனசுல அதிக நேரம் நிக்கும், எனக்கே அப்படித்தான்.

ரெண்டாவது ஆள் கண்டிப்பா வேணும், ரெண்டு பேருக்குமே இந்த கேம் புதுசா இருந்தா இன்னும் நல்லது. முதல் பத்து ரவுண்டுக்கு அஞ்சு பட்டன் வேலை வேணாம், கை மட்டும் வெட்டலாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கோங்க. நானும் நண்பரும் அப்படித்தான் ஆடறோம், அந்த ஒரு ஒப்பந்தத்துல கேம் பாதிக்கு மேல சரியாயிடுது. பதினோராவது ரவுண்டுல தடையை எடுத்துடுங்க. அதுவரைக்கும் தூரம் அளந்து ஆடப் பழகியிருப்பீங்க, இப்போ அந்த தூரத்துக்குள்ள ஒரு அடி எடுத்து வைக்கறதுக்கு ரெண்டு பேருமே யோசிப்பீங்க, கொஞ்ச நேரம் திரையில யாருமே அடிக்காம முன்னும் பின்னும் நகர்ந்துக்கிட்டு மட்டும் இருப்பீங்க. ஆரம்பிக்க லீஃபை எடுங்க, கோடாலி வீச்சு எவ்வளவு தூரம் போகுதுன்னு கண்ணுக்கு சுலபமா பிடிபடும், ரான்சியோவை எதிராளிக்கு விட்டுடுங்க.